கூரையில் விளையும் மின்சாரம் யாருக்கு?

சிங்கப்பூரில் வீவக புளோக்குகளின் கூரைமேல் சூரிய சக்தித் தகடுகளைப் பார்க்கும் குடியிருப்பாளர் பலருக்கு ஓர் ஐயம் எழுகிறது. கூரையில் மின்சாரம் கிடைக்கிறதே, வீட்டு மின்கட்டணம் ஏன் குறையவில்லை?

நியாயமான கேள்விதான். அந்த மின்சாரம் வீடுகளுக்குள் வருவதில்லை. பகலில் மின்தூக்கிகளையும் தண்ணீர்ப் பம்புகளையும் அது இயக்குகிறது. மிஞ்சுவது பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது. இரவில் நடைபாதை விளக்குகளுக்கு அங்கிருந்துதான் மின்சாரம் வருகிறது. உயரமான புளோக்கில் கூரை சிறியது, குடும்பங்களோ அதிகம். எல்லா வீடுகளுக்கும் பங்கிட்டால் போதாது.

2008இல் சிராங்கூன் நார்த், வெலிங்டன் சர்க்கிள் வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய இப்பணி, 2014இல் சோலார்நோவா திட்டம் வந்தபின் தீவெங்கும் பரவியது. தகடுகளைப் பொருத்திப் பராமரிக்கும் பொறுப்பு குத்தகை நிறுவனத்துடையது. பயன்படுத்தும் மின்சாரத்துக்கு நகர மன்றம் பணம் கொடுக்கிறது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகர மன்றத்தின் மின்செலவு குறைந்தால், குடியிருப்பாளர் மாதந்தோறும் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த வேண்டிய நெருக்குதல் தணியும். ஆதாயம் அந்த வழியில்தான் வருகிறது. கண்ணில் படாததால் பலர் அதை நம்புவதில்லை.

ஆகவே எவ்வளவு மின்சாரம் கிடைத்தது, எவ்வளவு பணம் மிச்சமானது என்ற கணக்கை ஒவ்வொரு புளோக்கின் அறிவிப்புப் பலகையிலும் நகர மன்றம் ஒட்ட வேண்டும். கணக்கு தெரிந்தால், மறுசுழற்சி, மின்சிக்கனம் போன்ற அடுத்த முயற்சிகளுக்கும் மக்கள் மனமுவந்து கைகொடுப்பார்கள்.