சர்வே நம்பர் எந்த மெயிலில் இருக்கிறது?



சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஏற்றுமதியாளர்கள் புதிதாகச் சில விவரங்கள் கேட்கிறார்கள். தோட்டத்தின் சர்வே நம்பர் என்ன, அட்சரேகை தீர்க்கரேகை என்ன, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அங்கே காடு அழிக்கப்படவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடைச் சட்டம்தான் இதற்குக் காரணம். நாலு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் என்றால் ஒரு புள்ளியைக் குறித்துக் கொடுத்தால் போதாது, எல்லை முழுவதையும் காட்ட வேண்டும். சட்டம் அமலுக்கு வரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும் கேள்வி தள்ளிப்போவதில்லை.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்று முதல் தோட்டத்துக் காகிதங்கள் எல்லாம் பீரோவில்தான் இருந்தன. இன்று பாதிக் காகிதம் மெயிலில் இருக்கிறது. சர்வேயர் அனுப்பிய வரைபடம், வங்கியின் கடன் கடிதம், காபி வாரியத்தின் சுற்றறிக்கை, மிளகு வியாபாரியின் விலை, பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீது, நடுநடுவே செருப்புக் கடை விளம்பரம், எல்லாம் ஒரே குவியல். நாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் வீடு, வெளியே மழை, சிக்னல் வந்து வந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் சர்வேயரிடமிருந்து வந்த அந்த ஒரு மெயிலை எப்படி எடுப்பது?

மெயிலை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வையுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சர்வேயரின் வரைபடத்தை 'நிலம்' என்ற ஃபோல்டரில் போடுவதா, 'வங்கி'யில் போடுவதா, 'ஏற்றுமதி'யில் போடுவதா? வங்கிக்காக எடுத்த வரைபடம்தான் ஏற்றுமதியாளருக்கும் வேண்டும். ஒரு இடத்தில் வைத்துவிட்டு இன்னொரு இடத்தில் தேடுவோம்.

இந்தச் சிக்கலை மெயில் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஒரு தமிழர் நூலகத்தில் சந்தித்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஒரு நூலின் பொருளை ஒரே தலைப்பில் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்து, முக்காற்புள்ளியால் கோத்துக் காட்டினார். 1933-இல் வெளியான அந்த முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர். இருந்தும், அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஒரு இடம்தான் உண்டு. கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே மெயிலுக்கு எத்தனை டேக் (அடையாளச் சீட்டு) வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அதைச் செய்யும் ஒரு சின்ன நிரலின் பெயர் நாட்மச். கார்ல் வொர்த் என்பவர் 2009-இல் வெளியிட்டார். பிறகு கனடாவில் பேராசிரியராக இருக்கும் டேவிட் பிரெம்னர் அதன் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். இது மெயிலைக் கொண்டுவராது, அனுப்பாது, அழிக்கவும் அழிக்காது. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் மெயில்களுக்கு அடைவு போடும், தேடித் தரும், டேக் ஒட்டும். அவ்வளவுதான் வேலை.

அடைவு என்றால்? சங்க நூல்களில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகச் சொல்லடைவு வெளியிட்டது. சொல்லைப் பார்த்தால் பாட்டு எண் வரும். பாட்டு பாட்டாகப் புரட்ட வேண்டியதில்லை. நாட்மச்சும் உங்கள் மெயில்களுக்கு அப்படி ஒரு சொல்லடைவு தயாரிக்கிறது. அதற்கு ஸேபியன் என்ற தேடல் நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறது. முதல் முறை எல்லாவற்றையும் படிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதன் பிறகு புதிதாக வந்ததை மட்டும் சேர்த்துக்கொள்ளும். தேடும்போது இணையம் வேண்டாம், எல்லாம் உங்கள் வட்டில்தான் இருக்கிறது.

நாட்மச்சுக்குக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். 1995 ஆகஸ்ட் 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது, குறைந்த கட்டணத்தில் கிடைத்தது ஷெல் கணக்குதான். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. அன்றைய கல்லூரி மாணவர்கள் பைன் என்ற நிரலில் எழுத்தை மட்டும் பார்த்தே மெயில் படித்தார்கள்.

எப்படி அடிப்பது என்று சொல்கிறேன். 'நாட்மச் நியூ' என்றால் புதிய மெயில்களை அடைவில் சேர். 'நாட்மச் சர்ச்' என்றால் தேடு. அதன் பின் 'ஃப்ரம்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, சர்வேயரின் பெயர். ஒரு இடம் விட்டு, 'டேட்', முக்காற்புள்ளி, 2019, இரண்டு புள்ளி, 2020. அந்த இரண்டு ஆண்டில் சர்வேயர் எழுதியவை மட்டும் வரிசையாக வரும். (ரங்கநாதனின் முக்காற்புள்ளி இங்கேயும் வருவது தற்செயல்தான்.) வந்தவற்றுக்கு 'நாட்மச் டேக்' கட்டளையில், கூட்டல் குறி போட்டு 'நிலம்', கூட்டல் குறி போட்டு 'ஏற்றுமதி' என்று ஒட்டலாம். கழித்தல் குறி போட்டால் டேக் உதிரும். ஒரே வரியில் நூறு மெயிலுக்கு ஒட்டலாம் என்பதுதான் கட்டளை வரியின் பலம். மவுஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினால் மத்தியானம் போய்விடும்.

இனி, தமிழில் தேடுவது. நாட்மச் ஆங்கிலச் சொற்களின் வேரைப் பிரித்துப் பார்க்கும். தமிழ் வேற்றுமை உருபுகள் அதற்குத் தெரியாது. 'ஏற்காடு' என்று தேடினால் 'ஏற்காட்டில்', 'ஏற்காட்டுக்கு' என்று எழுதிய மெயில்கள் அகப்படாது. இதற்கு ஒரு வழி உண்டு. 'ஏற்காட' என்று அகரத்தோடு நிறுத்தி, ஒட்டினாற்போல் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். யூனிகோடில் உகரக் குறியும் புள்ளியும் ட என்ற எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்பவை. ஆகவே 'டு' என்று முடிந்தாலும் 'ட்டில்' என்று தொடர்ந்தாலும் இரண்டும் மாட்டும். இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் டிஸ்கி எழுத்துக் குறியீட்டில் அடித்த தமிழ் மெயில்கள் மட்டும் யூனிகோடு தேடலுக்குச் சிக்காது. அவற்றை அனுப்பியவர் பெயரையும் தேதியையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இணைப்புகளிலும் ஒரு சங்கடம் உண்டு. பட்டாவை ஃபோனில் படம் பிடித்து அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நாட்மச் படிக்காது. இணைப்பின் பெயரைப் படிக்கும். நம் ஆட்களோ ஃபோன் கொடுத்த பெயரையே வைத்து, ஐ.எம்.ஜி. என்று தொடங்கும் ஏதோ ஒரு எண்ணாக அனுப்பிவிடுகிறார்கள். பட்டாவுக்குப் பட்டா என்று பெயர் வைத்து அனுப்பும் பழக்கம் ஒன்று வந்தாலே பாதித் தேடல் மிச்சம்.

இது எல்லாருக்கும் தேவையா? தேவையில்லை. வருஷத்துக்கு நூறு மெயில் வருகிறவருக்கு ஜிமெயிலின் தேடல் பெட்டியே போதும். தோட்ட அலுவலகம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று பத்துப் பதினைந்து வருஷத்து மெயில் சேர்ந்திருக்கும் இடங்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். கணக்கின் கடவுச்சொல் மறந்தாலும், கணக்கே முடங்கினாலும் தன் மெயில் தன் கையில் இருக்கும் என்பதற்காகவே சொல்வேன்.

நாட்மச்சுக்குக் காசு கிடையாது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களில் நேரடியாக நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினி என்றால் அதற்குள் லினக்ஸைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். சர்வரிலிருந்து மெயிலை இறக்க எம்பிசிங்க் அல்லது ஆஃப்லைன் ஐமேப் வேண்டும். கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அமைத்துக் கொடுத்துவிடும். நீங்கள் ஒட்டும் டேக்குகள் மெயிலுக்குள் இருப்பதில்லை, அடைவில்தான் இருக்கின்றன. அதனால் மாதம் ஒரு முறை 'நாட்மச் டம்ப்' கட்டளையால் அவற்றை ஒரு கோப்பாக எடுத்து, ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். வட்டு பழுதானால் 'நாட்மச் ரீஸ்டோர்' அந்தக் கோப்பைத்தான் கேட்கும்.