மண் வறண்டால் வீடும் கொதிக்கும்
(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலைவனம் என்றதும் நமக்கு ராஜஸ்தானும் அரபு நாடும்தான் நினைவுக்கு வரும். காயல்பட்டினம், உடன்குடி பக்கம் சம்பந்தம் வைத்திருப்பவர்கள் குதிரைமொழித் தேரியைப் பார்த்திருப்பீர்கள். மேல்காற்று அள்ளிக் குவித்த செம்மணல் அது. ஒரு காலத்தில் அந்த மணல் நகர்ந்து வயல்களை மூடியது. பனையும் உடையும் முந்திரியும் வேர் பிடித்த பிறகே பெருமளவு அடங்கியது.

மண் வறண்டால் சூடு ஏன் கூடுகிறது? மண்பானையைப் பாருங்கள். வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. உள்ளே தண்ணீர் குளிர்கிறது. ஈரமான நிலமும் மரமும் இதையே செய்கின்றன. ஈரம் போனால் வெயில் முழுவதும் தரையையும் காற்றையும் சுடுகிறது. அந்தச் சூடு மிச்ச ஈரத்தையும் உறிஞ்ச, மண் மேலும் வறள்கிறது.

1850–1900 காலத்தைவிட 2006–2015இல் நிலப்பரப்பின் மேலுள்ள காற்று 1.53 டிகிரி சூடாகிவிட்டது என்று ஐ.நா. காலநிலைக் குழு 2019இல் சொன்னது. கடலையும் சேர்த்த சராசரி 0.87 டிகிரிதான். முதல் காரணம் நிலக்கரி, பெட்ரோல் புகை. ஆனால் நிலம் கெடும் இடத்தில் அந்தச் சூடு இன்னும் உறைக்கும். இஸ்ரோவின் 2018–19 கணக்குப்படி, நம் நாட்டில் சுமார் 9.78 கோடி ஹெக்டேர் நிலம் சீர்கெட்டிருக்கிறது. கிட்டத்தட்ட நூற்றுக்கு முப்பது.

நாம் மலையின் மழைமறைவில் இருப்பவர்கள். தாமிரபரணியும் பாளையங்கால்வாயும் குளங்களும்தான் நம் மண்பானை. கால்வாயில் குப்பை கொட்டுவதும் குளத்தைத் தூர்ப்பதும் அந்தப் பானையை நாமே உடைப்பதாகும். அதன் கஷ்டம் முதலில் யாருக்கு? சூடேறிய கூரையின் கீழ் பீடி சுற்றும் தாய்மார்களுக்கு. இரவில் தூங்க முடியாத கைக்குழந்தைகளுக்கு.

மூன்று காரியங்களை இன்றே தொடங்கலாம். கால்வாயில் குப்பை போடுவதை நிறுத்துவோம். வீட்டைச் சுற்றி முழுவதும் சிமெண்ட் பூசாமல் கொஞ்சம் மண்ணை விட்டுவைப்போம். பள்ளிவாசலில் ஒளு செய்த நீரைச் சாக்கடைக்கு விடாமல் வேம்புக்கும் புங்கைக்கும் திருப்புவோம்.

ஓடுகிற ஆற்றில் ஒளு செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம். நட்ட மரத்தில் ஒரு பறவை தின்றாலும் அது நமக்கு சதக்கா. இன்ஷா அல்லாஹ், வரும் மழைக்கு முன் தெருவுக்கு ஒரு மரமாவது நடுவோம்.