தீபாவளிக்கு முன் காருக்கும் ஒரு குளியல்

காரைச் சுத்தம் செய்ய நமக்கு ஏது வசந்த காலம்? மலேசியாவின் லாபுவில் வெயிலும் மழையும்தான். அக்டோபர் பிறந்தால் மாலையில் இடியோடு கொட்டும், அதையொட்டித் தீபாவளி. காரைக் கவனிக்க அதற்கு முந்திய வாரங்களே தோது.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்குப் பாலிஷெல்லாம் அப்புறம். முதலில் சக்கரத்தின் மேல்வளைவுக்குள் கைவிட்டுப் பாருங்கள். அப்பியிருக்கும் சேறு வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் கசியும். துரு அங்கேதான் பிடிக்கும். அடிப்பாகத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால், 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே குற்றம். சேற்றில் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்கவே கூடாது. வைப்பர் ரப்பர் கண்ணாடியில் கோடு போடுகிறதா? மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

போனஸ் காசில் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்ட ஆசையா? 2019 மே மாத விதிப்படி, முன்கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டையும் உள்ளே விட வேண்டும். பின்பக்கத்துக்கு வரம்பில்லை. ஆனாலும், இரவில் விளக்கில்லாத தோட்டப் பாதையில் ரிவர்ஸ் எடுப்பது நீங்கள்தானே, பார்த்து ஒட்டுங்கள்.