துபாய் கடல்ல செத்தா வழக்கு எங்க நடக்கும்?

(பெருநகர் கிளைக் கூட்டத்தில் ஐ.டி. அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறவுகளுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)

நான் இன்ஜினியரிங் படிச்சவன், வக்கீல் இல்ல. ஆனா உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒருத்தர் வெளிநாட்டுல இருந்தா, இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

2012 ஜூலை 16. துபாய் ஜெபல் அலி துறைமுகம் பக்கம் ஒரு சின்ன மீன்பிடி படகு. அதுல இருந்தவங்கள்ல நாலு பேர் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்காரங்க. அமெரிக்கக் கடற்படைக்கு எண்ணெய் கொண்டுபோற ரப்பஹானக் கப்பல்ல இருந்து அவங்க மேல சுட்டாங்க. ஒருத்தர் செத்துட்டார். மூணு பேருக்குக் காயம். "எச்சரிச்சோம், கேக்கல" என்றது அமெரிக்கா. எச்சரிக்கையே வரலன்னு பிழைச்சவங்க சொன்னாங்க. படகு சரியான வழியிலதான் போச்சுன்னு துபாய் போலீஸ் தலைவரே சொன்னார்.

அதே வருஷம் பிப்ரவரி 15. கேரளக் கடலுக்கு அப்பால் இத்தாலியின் என்ரிக்கா லெக்ஸி கப்பல்ல இருந்த கடற்படை வீரர்கள் சுட்டு ரெண்டு மீனவர்கள் செத்தாங்க. ஒருத்தர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்தக் கப்பல் கொச்சிக்கு வந்தது, கேரள போலீஸ் கைது பண்ணுச்சு. அதனாலதான் இத்தாலி இறங்கி வந்தது. அப்படியும் உச்ச நீதிமன்றம் வழக்கை முடிச்சது 2021 ஜூன்ல. ஒன்பது வருஷம்! இழப்பீடு 10 கோடி. இறந்தவங்க குடும்பத்துக்கு தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. பணம் வந்தது, தண்டனை வரல. சர்வதேச நடுவர் மன்றம் விசாரணையை இத்தாலிகிட்ட விட்டுச்சு. ரோம் நீதிமன்றம் 2022ல கோப்பை மூடிடுச்சு.

இப்ப ராமநாதபுரம் குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. ரப்பஹானக் நம்ம துறைமுகத்துக்கு வரவே இல்ல. இந்தியர் வெளிநாட்டுல குற்றம் செஞ்சா இங்க வழக்கு நடத்த சட்டத்துல வழி இருக்கு. சுட்டவன் வெளிநாட்டுக்காரன், இடமும் வெளிநாடுன்னா நம்ம ஸ்டேஷன் கை எட்டாது. அமெரிக்க அரசுக் கப்பல் மேல நஷ்டஈடு கேக்கணும்னா அமெரிக்க நீதிமன்றத்துக்குத்தான் போகணும். அதுக்குக் கெடு ரெண்டே வருஷம். துக்க வீட்டுல இதையெல்லாம் யாருங்க சொல்லுவாங்க?

அதனாலதான் சொல்றேன். இந்த மாதிரி வழக்கை வெளிநாட்டு நீதிமன்றத்துல நடத்துற செலவை அரசு ஏத்துக்கணும். குடும்பத்துக்கு முதல் வாரத்துலயே ஒரு வக்கீல் வேணும். இரங்கல் அறிக்கை மட்டும் போதாது.

உங்க பக்கம் செய்ய வேண்டியது: பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூணுக்கும் நகல் வீட்டுல இருக்கட்டும். ஏதாவது நடந்தா வெளியுறவுத் துறையோட 'மதத்' இணையதளத்துல அன்னிக்கே புகார் பதிங்க, நம்பரை எழுதி வைங்க. புரியாத மொழியில இருக்குற எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க. உடலோட வர்ற போலீஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை எதையும் தொலைச்சுடாதீங்க.

யாருக்காவது இப்படி ஒரு பிரச்சினை இருந்தா கமெண்ட்ல பாஸ்போர்ட் நம்பர் போட வேண்டாம், தயவு செஞ்சு. கிளை நிர்வாகிகிட்ட நேர்ல வாங்க. மனு எழுதுறது, ஸ்கேன் பண்றது எங்க வேலை.