எதை எங்கே வைப்பது?

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. இந்தக் கல்லூரியில் படித்த நான்கு ஆண்டுகளும் கல்லூரி விழாக்களில் மேடைக்குக் கீழே மைக் ஒயர் இழுத்த அனுபவம்தான் எனக்கு உண்டு. "நீங்க கம்ப்யூட்டர் லைன்ல இருக்கீங்க, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்திருப்பது அதைவிடச் சின்ன விஷயம். கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டினால், அதில் எதை ஏற்றுவது, எதை ஏற்றாமல் விடுவது என்பதுதான் அது. இதைப் பேச ஒரு மேடை வேண்டுமா என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராஜபாளையம் சாலையில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூர். அக்காவும் அதே ஊரில்தான் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவள் மகன் ப்ளஸ் டூ பரீட்சை முடித்த கையோடு, சென்னையில் நான் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை ஊருக்குக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். அதில் ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தது. திறந்து உட்கார்ந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். ஆகவே 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றையும் வாங்கிப் போயிருந்தேன்.

"மாமா, எல்லா கேமையும் இதுலயே ஏத்திருங்க. அந்த ஹார்ட் டிஸ்க்க தூரப் போட்டுரலாம்" என்றான்.

"ஏலே, இடம் எவ்வளவு இருக்குன்னு பாத்தியா?"

"ஐநூறு ஜி.பி. மாமா. அட்டையிலயே போட்டிருக்குல்லா!"

மாட்டிப் பார்த்தால் விண்டோஸ் 465 என்றுதான் காட்டியது. "கடைக்காரன் ஏமாத்திட்டானா மாமா?" என்று கேட்டான். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. படி ஒன்றுதான், மரக்கால் வேறு.

அவன் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கூட்டினோம். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 64 ஜி.பி. வேண்டும். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 நூறைத் தாண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கு 150. கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்கு 85. கால் ஆஃப் டூட்டிக்கு இன்னொரு நூறுக்கு மேல். மொத்தம் 499ஐத் தாண்டிவிட்டது. கையில் இருப்பது 465. இனி எதை விடுவது என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை சொல்ல, இரண்டு டிஸ்க்கும் வேலை செய்கிற விதம் தெரிய வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்பது சுற்றுகிற தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று. நாம் கேட்கிற எழுத்து முள்ளுக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு நான்கு மில்லி விநாடி. முள் இடம் மாறுவதற்கு இன்னும் எட்டு அல்லது ஒன்பது. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்டால் விநாடிக்கு எண்பது தடவை போல்தான் அதனால் எடுத்துத் தர முடியும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் மெமரி வகையைச் சேர்ந்த சிப்புகள்தான் உள்ளே இருக்கின்றன. அதே வேலையை அது விநாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும்.

விண்டோஸ் எழுந்து வருவது என்பது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படிப்பது. ஆகவே எஸ்.எஸ்.டி.யில் முதல் இடம் விண்டோஸுக்கு. அடுத்தது தினமும் திறக்கிற மென்பொருள்கள். இன்ஜினியரிங் சேரப் போகிறவன் என்பதால் கம்பைலரும் வரைபட மென்பொருளும் அங்கேதான்.

கேம்களுக்கு வருவோம். தம்பிகள் பலருக்கு இதில் ஒரு தப்பெண்ணம் உண்டு. எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் வேகமாக ஓடும் என்று நினைக்கிறார்கள். திரையில் விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும்தான். எஸ்.எஸ்.டி. குறைப்பது காத்திருக்கும் நேரத்தை. ஆனால் பெரிய ஊரையே சுற்றிவரும் திறந்தவெளி கேம்களில், நாம் ஓட ஓட அடுத்த தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்க் பிந்தினால் படம் திக்கும், கட்டடம் தாமதமாக முளைக்கும். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் கேமுக்கு எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே போட்டிருக்கிறார்கள். சைபர்பங்க் 2077 கேமுக்கும் அதே ஆண்டில் குறைந்தபட்சத் தேவையை அப்படி மாற்றினார்கள்.

ஆகவே நான் சொன்ன கணக்கு இது. இப்போது விளையாடிக்கொண்டிருக்கிற இரண்டு கேம் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். மற்றவை ஹார்ட் டிஸ்க்கில் காத்திருக்கட்டும். ஸ்டீம் மூலம் வாங்கியதை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அதிலேயே வசதி இருக்கிறது, நூறு ஜி.பி. அரைமணிக்குள் மாறிவிடும். அதையே திரும்ப டவுன்லோடு செய்தால், 40 எம்.பி.பி.எஸ். லைனில் ஐந்தரை மணி நேரம். செல்போனில் தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருப்பவனுக்கு அறுபத்தேழு நாள்! சினிமா, பாட்டு எல்லாம் வரிசையாகப் படிக்கப்படுபவை. அவற்றுக்கு ஹார்ட் டிஸ்க்கின் வேகமே தாராளம்.

இன்னொன்று, எஸ்.எஸ்.டி.யை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. ஆறில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். அது எழுதுவது சின்னச் சின்னப் பக்கமாக. அழிப்பதோ பெரிய பெரிய கட்டாக. இடம் இல்லையென்றால் எதையாவது நகர்த்தி வைத்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும். ஆடித்தபசு அன்றைக்குச் சங்கரன்கோவில் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் போடுகிற மாதிரி ஆகிவிடும்.

"சரி மாமா, முடிஞ்சுதா?" என்றான். இல்லை. இதுவரை நான் சொன்னதெல்லாம் எந்தக் கடையிலும் சொல்வார்கள். இனிச் சொல்லப்போவது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

என் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2018இல் காலமானார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுமுறையில், திண்ணையில் உட்கார்ந்து பேரனோடு அவர் பேசிக்கொண்டிருந்ததை என் செல்போனில் பதிவு செய்திருந்தேன். அப்போது இவனுக்கு ஐந்து வயது. இவன் கேட்டுக்கொண்டே இருப்பான், அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நாற்பது நிமிடம். அப்பாவின் குரல் என்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

2022இல் சென்னையில் என் கம்ப்யூட்டரில் புது கேம் ஒன்று ஏற்ற வேண்டியிருந்தது. நூறு ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் இன்னும் ஒன்பது ஜி.பி. இடம் தேவைப்பட்டது. 'பழைய போன்' என்று ஒரு ஃபோல்டர், பன்னிரண்டு ஜி.பி. திறந்து பார்த்தேன். குட் மார்னிங் படங்கள், யாரோ அனுப்பிய வீடியோக்கள். எல்லாம் குப்பை என்று முடிவு கட்டி, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்டையும் டிலீட்டையும் சேர்த்து அழுத்தினேன். கேம் ஏறியது. இரவு இரண்டு மணி வரை விளையாடினேன்.

பத்து நாள் கழித்து அக்கா போனில் கேட்டாள். "தம்பி, அப்பா பேசினது உன்கிட்ட இருக்குல்லா? திதிக்கு எல்லாரும் கேக்கணும்னு நெனைக்கோம்."

ஹார்ட் டிஸ்க்கில் அழித்தால் அட்டவணையில் பெயர்தான் போகும். வேறு எதுவும் மேலே எழுதப்படும் வரை விஷயம் அங்கேயே கிடக்கும். அதை மீட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டு. எஸ்.எஸ்.டி. அப்படியல்ல. 'ட்ரிம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இருப்பது. நாம் அழித்த உடனே, இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். டிஸ்க்கும் சாவகாசமாக இருக்கும் நேரத்தில் அதைத் துடைத்து வைத்துவிடும். அது வேகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று இரவு மூன்று மென்பொருள் போட்டுத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது நிமிடப் பேச்சு நாற்பது எம்.பி. இருந்திருக்கும். நான் ஏற்றிய கேமில் அது இரண்டாயிரத்து ஐநூறில் ஒரு பங்கு.

எங்கள் ஊர் பால்வண்ணநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பா ஒரு சம்பவத்தைச் சொல்வார். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில் எங்கள் ஊருக்கும் வந்தார். பாண்டிய மன்னர் ஒருவரின் சுவடிகள் அந்தக் கோயிலில் சேர்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டு வந்தார். ஏடுகள் பழுதாகிக் கூளமாகக் கிடந்தன, ஆகவே சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. ஐயர் மனம் நொந்து இதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். "என்ன நூல் போச்சுன்னுகூட நமக்குத் தெரியாதுப்பா" என்பார் அப்பா. அவர்கள் யாருக்கும் தமிழ்மேல் பகை கிடையாது. இடத்தைச் சுத்தம் செய்தார்கள், அதையும் பக்தியோடு செய்தார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டு அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. நான் செய்ததும் அதுதானே? அவர்களாவது பெயருக்கு ஒரு மந்திரம் சொல்லிச் செய்தார்கள்.

ஆகவே மருமகனிடம் சொன்னேன்: "மாப்ளே, வேகத்தை வச்சு ரெண்டு பங்கு பிரிச்சோம்லா? மூணாவது ஒண்ணு இருக்கு. போனா திரும்ப வாங்க முடியாதது. அதை முதல்ல எடுத்து வை."

கேம் போனால் டவுன்லோடு செய்யலாம். விண்டோஸ் போனால் திரும்ப ஏற்றலாம். திரும்ப வராதவை எவை என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். வீட்டுப் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், அவனுடைய சான்றிதழ்கள். "என் சேவ் ஃபைலு மாமா" என்றான். அதுவும் நியாயம்தான், எல்லா கேமும் அதை இணையத்தில் சேர்த்து வைப்பதில்லை. அத்தனையும் எஸ்.எஸ்.டி.யில் ஐந்து ஜி.பி.கூட வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், இணையத்தில் ஒரு நகல், தனியாக வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பதித்துச் சென்னையில் என் வீட்டில் ஒரு நகல் என்று வைத்தோம். எஸ்.எஸ்.டி.யில் பதித்துப் பீரோவில் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்டான். போதாது. ஃபிளாஷ் சிப்பு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் எழுத்தை நினைவில் வைக்கிறது. பல ஆண்டு மின்சாரமே காட்டாமல் வைத்தால் அது கசிந்து போகக்கூடும். வேகமாக எடுக்கத்தான் அது. காலமெல்லாம் காக்க அல்ல.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சும்மா இருக்கவில்லை. "தாத்தா பேசினதை அப்போ யாருக்காவது அனுப்பினீங்களா மாமா?" என்று கேட்டான். எனக்கு அது தோன்றவே இல்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அவனே கேட்டான். இராஜபாளையத்து அத்தையின் பழைய செல்போனில் மூன்று நிமிடம் இருந்தது. நான்தான் என்றோ வெட்டி அனுப்பியிருக்கிறேன். "தாத்தா, யானை ஏன் வலம் வந்துச்சு?" என்று இவன் கேட்கிறான். அப்பா இருமிவிட்டுச் சொல்ல ஆரம்பிக்கிறார். பாதியில் நின்றுவிடுகிறது. ஐயருக்கும் அப்படித்தான், ஓரிடத்தில் எரிந்துபோனாலும் இன்னொரு வீட்டுப் பரணில் ஒரு பிரதி இருந்ததால்தான் பல நூல்கள் நமக்குக் கிடைத்தன. நாற்பது நிமிடத்தையும் என்னிடமே பத்திரமாக வைத்திருந்தேன், போயிற்று. ஒருவருக்குக் கொடுத்த மூன்று நிமிடம் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், கேம் விளையாடுங்கள், நானும் விளையாடுகிறேன். இடம் போதவில்லை என்று எதையாவது அழிக்கப் போகும்போது ஒரு நிமிடம் ஃபோல்டரை முழுசாகத் திறந்து பாருங்கள். இன்று இரவு ஊருக்குப் போனதும் வீட்டுப் பெரியவர்களிடம் போனைக் காட்டி ஏதாவது பேசச் சொல்லுங்கள். பதிவு செய்ததை இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.