ஆனேக்கல்லில் டிபன்

ஆனேக்கல் என்றதும் உங்களில் பாதிப்பேர் முத்யால மடுவு அருவி என்பீர்கள், மீதிப்பேர் திம்மராயசுவாமி கோயில், கரகம் என்பீர்கள். பார்த்து வந்தவர்களிடமே அதை நான் மறுபடி ஒப்பித்தால் ரேடியோவை நிறுத்திவிடுவீர்கள். அருவிக்குப் போகிறவர்கள் மழை முடிந்த கையோடு போங்கள், வெயில் காலத்தில் பாறையைத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் பேச வந்தது டிபன்.

பெங்களூரிலிருந்து 35 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கம், அத்திப்பள்ளியில் இடது பக்கம் திரும்பினால் போதும். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, அங்கே இறங்கி சந்தாபுரா வழியாகப் பஸ் பிடிக்கலாம். எப்படிப் போனாலும் பசியோடு போங்கள்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பெரிய போர்டு வைத்திருக்கிற ஓட்டல்களில் நுழைய வேண்டாம். பேட்டைப் பக்கம் நடந்தால் வாசலில் ஸ்கூட்டர்கள் கோணல்மாணலாக நிற்கிற கடை ஒன்று வரும். உள்ளே நாலு மேசை, சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். தட்டு இட்லி வாங்குங்கள். தும்கூர் பக்கத்து க்யாதசந்திராவிலும் மைசூர் ரோட்டுப் பிடதியிலும் பேர் வாங்கிய இட்லி இது, இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஒன்று சாப்பிட்டாலே நம்மூர் இட்லி மூன்று சாப்பிட்ட மாதிரி. மேலே ஒரு உருண்டை வெண்ணெய், அது உருகி ஓடுவதற்குள் பச்சை மிளகாய்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டு ஒரு விள்ளல். அடுத்து சித்ரான்னம். காலையிலேயே சோறா என்று முகம் சுளிக்காதீர்கள், இங்கே அதுதான் வழக்கம். என் நாக்குக்கு ஒன்று தோன்றும்: பெங்களூரிலிருந்து எல்லையை நெருங்க நெருங்க சாம்பாரில் வெல்லம் குறைந்துகொண்டே வருகிறது. ஒப்புக்கொள்ளாதவர்கள் கடிதம் போடலாம்.

கல்லாவில் இருந்தவர் என்னிடம் கன்னடத்தில் கேட்டார், சமையல்கட்டுக்குத் தெலுங்கில் குரல் கொடுத்தார், "சில்லறை இல்லையே சாமி" என்று தமிழில் முடித்தார். எல்லையோர ஊர்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பை டூ காபி குடித்துவிட்டு வெளியே வந்தால் பக்கத்துச் சந்திலிருந்து தடக் தடக்கென்று சத்தம். சின்னச் சின்னக் கடைகளைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன், வளையல் கடை, பித்தளைப் பாத்திரக் கடை என்று. அந்தச் சத்தம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனேக்கல் பட்டு நெசவு ஊர் நேயர்களே. சில்க் போர்டு சிக்னலில் நின்று நின்று அந்தப் பெயரைத் திட்டாத பெங்களூர்க்காரர் உண்டா? மத்திய பட்டு வாரியம், 1948-இல் சட்டம் போட்டு உண்டாக்கியது. அந்த நெரிசலில் சிக்கி வருகிற நாம், அதே சாலையில் தெற்கே வந்தால் பட்டு நெய்கிற வீடுகளுக்கே வந்துவிடுகிறோம்.

சந்தில் நான் முதலில் நின்றது ஒரு தறிச்சாமான் கடை. நாடா, நூல் கண்டு, ஜரிகை, ஒரு மூலையில் அட்டை அட்டையாக அடுக்கு. எதிர்வீட்டுத் திண்ணையைத் தாண்டி எட்டிப் பார்த்தேன், தறிக்காரர் உள்ளே கூப்பிட்டார். "போட்டோ எடுங்க சார், டிசைனை மட்டும் எடுக்காதீங்க" என்றார். நியாயம்தானே.

தறிக்கு மேலே உத்திரத்தை ஒட்டி ஒரு பெட்டி. அதிலிருந்து கயிறுகள் கீழே இறங்குகின்றன. பக்கத்தில் அந்த அட்டைகளைக் கோத்து மாலையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அட்டை முழுக்கப் பொத்தல். பொத்தல் உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த பாவு இழை மேலே ஏறும். பொத்தல் இல்லையா, இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். இடையில் நாடா பாய்ந்து ஊடையைப் போட்டுவிட்டுப் போகும். அடுத்த ஊடைக்கு அடுத்த அட்டை. முந்தானையில் ஒரு மயில் கழுத்தைத் திருப்ப எத்தனை அட்டை வேண்டும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. தறிக்கும் அவர் பேரே நின்றுவிட்டது. இதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்குப் பொத்தல் அட்டையில் கட்டளை கொடுக்கலாம் என்று 1830-களில் திட்டம் போட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹொலெரித் என்பவர் பொத்தல் அட்டை வைத்தே எண்ணி முடித்தார். வருகிற வழியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டித்தானே வந்தோம்? 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் அதை 332 ஏக்கரில் அமைத்தது. ஆர்.கே.பாலிகா என்பவரின் கனவு. அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் ஞாயிறு காலையில் சைக்கிள் மிதித்து இந்த இட்லிக்காக வருகிறார்கள். அவர்கள் தொழிலுக்குப் பாட்டன் முறையாக வேண்டியது பக்கத்துச் சந்தில் தடதடக்கிறது, பாதிப்பேர் காபி குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்!

அட்டைக்கும் இனி எத்தனை நாளோ. இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது, டிசைன் பென் டிரைவில் வருகிறது. ஆனால் பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பிணைக்கிற வேலை விரலுக்குத்தான். பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. ஒரு பாவில் சில ஆயிரம் இழைகள். அங்கே பாவு பிணைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னோடு பேசிக்கொண்டே செய்தார், விரல் நிற்கவில்லை, கண்கூட அங்கே இல்லை.

நேரம் போய்விட்டது, தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று. மார்கழி, தை மாதங்களில் போனால் அவரைக்காய் கேளுங்கள், உப்புமா, அக்கி ரொட்டி எல்லாவற்றிலும் போட்டிருப்பார்கள். மதியம்வரை தங்கினால் ராகி முத்தை கிடைக்கும். நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்துக் களிதான். கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றீர்களானால் பக்கத்து மேசைக்காரர் வெளியூரா என்று விசாரிப்பார்.