கைத்தொழிலைக் கண்ணால் மட்டும் கற்கலாமா?



2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பெருந்தொற்றினால் இந்நாட்டுப் பாடசாலைகளும் பயிற்சி நிலையங்களும் மூடப்பட்டன. கல்வி கைத்தொலைபேசிக்குட் புகுந்தது. கணக்கும் வரலாறும் அவ்வழியே ஓரளவு நடந்தன. ஆனால், நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருத்தக் கற்க வந்த இளைஞன் கண்டது என்ன? திரையிலே இயந்திரம் கழன்றது. அவன் கையிலோ ஓர் ஆணிதானும் கழலவில்லை!

இணையவழிக் கல்வியை நான் பழிக்கவில்லை. ஆசான் ஒருமுறை செய்துகாட்டியதைப் பத்துமுறை நிறுத்திப் பார்க்கலாம். மின்சுற்றின் வரைபடம், அளவுக் கணக்கு, பாதுகாப்பு விதி ஆகியவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். தொலைக் கிராமத்துப் பிள்ளைக்குப் பேருந்துச் செலவு மிச்சம்.

ஆயினும், வெல்டிங் வேலையை எண்ணிப் பாருங்கள். கம்பி நுனிக்கும் இரும்புக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி. கூடினாற் சுடர் அணையும். குறைந்தாற் கம்பி ஒட்டிக்கொள்ளும். அந்த அளவைக் கை பழகியே அறிய வேண்டும். 230 வோல்ற் மின்சாரமோ பிழையை மன்னிப்பதில்லை. அங்கே ஆசான் அருகில் நிற்றல் வேண்டும்.

சட்டத்தை ஏட்டிற் கற்ற எங்களையே, மூத்த வழக்கறிஞரிடம் ஆறு மாதம் பயின்ற பின்னரன்றோ நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது! கைத்தொழிலுக்கு மட்டும் அவ்விதி இல்லையா?

ஏழு நிலைகள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறை இந்நாட்டில் உண்டு. திறமையைச் செய்துகாட்டுவதே அதன் அடிப்படை. பயிற்சி நிலையத்தின் வாசலை மிதியாத அனுபவத் தொழிலாளியும் தம் திறமையை நிரூபித்துத் தகைமை பெற அதில் வழியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

ஆகவே நாம் கேட்பவை இவை. பாடங்கள் தமிழிலேயே ஆக்கப்படல் வேண்டும். இணைப்புக் குன்றிய இடங்களிலும் சேமித்துப் பார்க்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். பேருந்தில் எட்டக்கூடிய தூரத்திலே, ஆயுதங்களும் ஆசானும் உள்ள பட்டறை ஒன்று வேண்டும். ஊரின் அனுபவத் தொழிலாளர் ஊதியத்துடன் ஆசான்களாக அமர்த்தப்படல் வேண்டும்.

திரையைத் தந்துவிட்டுப் பட்டறையை மூட எவர் முனைந்தாலும் அதனை ஏற்கமாட்டோம். வேலை தெரியாதவன் கையிற் கொடுக்கும் சான்றிதழ் அவனையும் ஏமாற்றும், அவனை நம்பி இயந்திரத்தை ஒப்படைக்கும் உழவனையும் ஏமாற்றும். கண்ணுக்குத் திரை இருக்கட்டும். கைக்குப் பட்டறை வேண்டும்!